குப்பையில் சேராத முருகன்

அத்தியாயம் 6

மெலூர் அடுக்குமாடியில் எங்களுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு நான்காவது மாடியிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டிய மீன் கழுவிய தண்ணீர். என் சட்டைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து வெடித்தது. அண்ணாந்து பார்த்தேன். எட்டிப் பார்த்த தலைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. ஒரு சன்னல் மட்டும் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"குறி தப்பிடுச்சு பாஸ். இன்னொரு சான்ஸ் குடுத்துப் பார்க்கலாமா?" என்றேன்.

சுரேகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். பல் பிடுங்குகிற சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பொய்யைப் பிடுங்குவது அவர் தொழில். அதற்கு முன்னால் காப்புறுதி நிறுவனத்தில் இருந்தார். கையுடைந்தவனும் கடை எரிந்தவனும் சொல்கிற கதைகளைக் கேட்டுக் கேட்டு, யாரையும் நம்பக்கூடாது என்பதை மதமாகவே எடுத்துக்கொண்டவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதையா திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் குகன். முன்பு போர்ட் கிள்ளானில் கன்டேனர் லோரி ஓட்டினேன். இப்போது அவருக்குக் கார் ஓட்டுகிறேன், கதவு தட்டுகிறேன், அவர் பேசாத பேச்சையும் சேர்த்து நானே பேசுகிறேன்.

எங்களைக் கூப்பிட்ட உஷாராணி பி பிளாக் படிக்கட்டு ஓரத்தில் நின்றிருந்தார். அவர் காலடியில் கிழித்துக் கொட்டிய கறுப்பு மூட்டைகள். இறால் தோலி, குழந்தைகளின் பேம்பர்ஸ், பொங்கலுக்கு வீடு ஒழித்தவர்கள் தூக்கிப் போட்ட பழைய சாமான், அழுகிய வாழை இலை. அழுவார் என்று நினைத்து டிஷ்யூ எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே குனிந்து, மாதா படம் போட்ட பழைய காலண்டர் தாள் ஒன்றை இறால் தண்ணீரிலிருந்து கிழியாமல் தூக்கினார். துப்பட்டாவால் துடைத்து, நெற்றியில் ஒற்றி, படிக்கட்டுச் சுவரின் மேல் காய வைத்தார். அவர் கழுத்துக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவையும் ஒரு சாவியும் ஒன்றாகத் தொங்கின.

விஷயம் இதுதான். மலிவுவிலை அடுக்குமாடிகளைச் சுத்தம் செய்கிற குத்தகையை நகராண்மைக் கழகம் இத்தனை வருடம் வெளிக் கம்பெனிகளுக்குத்தான் கொடுத்து வந்தது. போன வருடம் புதுத் திட்டம் போட்டார்கள். இனி அந்தந்த அடுக்குமாடியில் குடியிருக்கிற, வருமானம் குறைந்த குடும்பத்துக்குத்தான் குத்தகை. மனுப் போட்டவர்கள் பேரை எல்லோர் முன்னாலும் குலுக்கினார்கள். உஷாராணி பேர் விழுந்தது. கூட மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டுகிறார், புல் வெட்டுகிறார், லோங்காங் என்கிற சாக்கடையில் அடைப்பு எடுக்கிறார், மூட்டைகளைக் குப்பை அறையில் சேர்த்துப் பூட்டிக் காலையில் லோரிக்குத் திறந்துவிடுகிறார். நிபந்தனை ஒன்றுதான். மூன்று புகார் நிரூபணமானால் குத்தகை ரத்து. இரண்டு ஏற்கெனவே ஆகிவிட்டது. இன்று காலை மூன்றாவது. அவர் கீழே இறங்கி வருவதற்குள் குப்பையின் படம் அதிகாரியின் போனுக்குப் போயிருந்தது. மதியம் அதிகாரி நேரில் வருகிறார்.

இதற்கு முன்னால் உஷாராணி போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவாராம்.

"இப்பதான் மேடம், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வரப்ப நான் கீழ நிக்கிறேன். இது போச்சுன்னா மறுபடியும் அவங்கள பூட்டிட்டுத்தான் போகணும்" என்றார்.

யார் மேல் சந்தேகம் என்று சுரேகா கேட்டார். சுகுமாறன் என்று உடனே பதில் வந்தது. பழைய குத்தகைக்காரர். வேலை கைமாறிய அன்று கேட் அருகில் வந்து நின்று, ஒரு மாதத்தில் நீ ஓடுவாய் என்று கத்திவிட்டுப் போனவர்.

அப்போது வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் இறங்கி வந்தார். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் நாகையா. முகத்தில் சிரிப்பு இருந்தது, சிரிப்பில்தான் ஒன்றும் இல்லை.

"ஏம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். கூட்டத் தெரியலன்னா ஒத்துக்கிட்டுப் போகணும். துப்பறியறவங்கள வெச்சா குப்பைய எடுக்க முடியும்?" என்றார்.

மாடி நடையெல்லாம் சிரிப்பு கேட்டது. இந்தத் திட்டத்தை இந்த அடுக்குமாடிக்குக் கொண்டுவந்ததே தான்தான், வருடக்கணக்காக மனு எழுதி அலைந்தது தான்தான் என்று அவர் எங்களுக்குச் சொன்னார். மதியக் கூட்டத்தில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் பேசலாம் என்றும், நாங்கள் அதற்குள் கிளம்பிவிட்டால் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார். போகிற போக்கில் என் காரை வேறு குறை சொன்னார். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதவனெல்லாம் திருடன் என்றால் என் மாமனார் எப்போதோ உள்ளே போயிருப்பார்.

என் மூளையையும் காட்ட வேண்டுமே. குப்பையிலிருந்து மடித்த வாழை இலை ஒன்றை இரண்டு விரலால் தூக்கினேன். விருந்தில் சாப்பிட்டவன் இலையைத் தன் பக்கம் மடிப்பான், சாவு வீட்டில் சாப்பிட்டவன் எதிர்ப்பக்கம் மடிப்பான். இது எதிர்ப்பக்கம் மடித்த இலை. ஆகவே இந்தக் குப்பை ஒரு கருமாதி வீட்டிலிருந்து வந்திருக்கிறது, சமீபத்தில் யார் வீட்டில் சாவு என்று விசாரித்தால் போதும் என்று விளக்கினேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சுரேகா அந்த இலையை வாங்கி அப்படியே குப்புறத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"இப்ப?"

இப்போது அது கல்யாண இலையாக இருந்தது. நான் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டேன்.

அவர் குப்பையை விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்தின் கோடிக்கு நடந்தார். அங்கே ஓர் அரச மரம். அதன் அடியில், இந்த நாட்டில் எல்லா அடுக்குமாடியிலும் இருப்பதுபோல, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போன தெய்வங்கள் குடியிருந்தன. காது உடைந்த பிள்ளையார், நசுங்கிய காமாட்சி விளக்கு, கண்ணாடி விரிசல் விட்ட லட்சுமி. பழைய சாமி படத்தைக் குப்பையில் போடப் பலருக்கு மனசு வராது. மரத்தடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அவற்றுக்கு நடுவே போன வருடத்துக் காலண்டர் ஒன்று, முருகன் படம் போட்டது, மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. அட்டை இன்னும் ஈரமாக இருந்தது. மழை பெய்து பல நாள் ஆகிறது.

"மணந்து பாரும்" என்றார் சுரேகா.

"செருப்பக் கழட்டிட்டா, போட்டுக்கிட்டேவா?"

"மூக்கால மணந்து பாரும்."

முகர்ந்தேன். கற்பூரம் இல்லை, சந்தனம் இல்லை. இறால். முன்பக்கம் நன்றாகக் கழுவியிருந்தது. பின்பக்கத்தில் ஓர் இறால் மீசை ஒட்டிக்கொண்டிருந்தது.

"முருகன் எப்ப பாஸ் சைவத்த விட்டாரு?"

அவர் லட்சுமியின் சட்டத்தையும் திருப்பிக் காட்டினார். பின்னால் காய்ந்த மீன் செதில். இரண்டாவது புகார் வந்த அன்று படிக்கட்டில் கிடந்தது மீன் கழிவு என்று உஷாராணி சொல்லியிருந்தது எனக்கும் ஞாபகம் வந்தது. அந்த வழியாகப் போன பக்திமான் யாராவது குப்பையில் கிடந்ததைப் பார்த்து எடுத்து வைத்திருக்கலாமே என்றேன்.

"ஒருத்தர் விடிய எழும்பிவந்து, குப்பைக்குள்ள கைய விட்டுச் சாமி தேடுவாரோ? கொட்டேக்க கண்ணில பட்டிருக்கு. மனசு கேக்கேல்ல. எடுத்துக் கழுவி இங்க வெச்சிட்டுப் போயிருக்கிறார். ரெண்டு தரம்."

முருகனை ஒரு சுத்தமான பைக்குள் பத்திரமாக வைத்தார். நான் மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சுகுமாறனின் லோரிகள் நிற்கிற இடம் போர்ட் கிள்ளான் பக்கம், கிடங்குகளுக்குப் பின்னால். அங்கே எங்களை வரவேற்றது நாய். அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நின்ற சுகுமாறனுக்கும் அதற்கும் முகபாவத்தில் பெரிய வித்தியாசமில்லை. உட்காரச் சொல்லவில்லை. உஷாராணி பேரைச் சொன்னதும் காறித் துப்பினார். என் ஷூவைத்தான் குறிபார்த்தார் என்று நினைக்கிறேன். அன்று எல்லோருக்குமே குறி சரியில்லை.

"அந்தப் பொம்பள மேல எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லல. அதுக்காக டீசல் போட்டுப் போய் குப்பை கொட்டுவேனா? யோசிங்க மேடம். அவ போனா வேலை எனக்கா வரும்? குலுக்கல்ல அடுத்து வந்த ஃப்ளாட்காரனுக்குப் போகும். ரூல் அப்படி. நான் கிறுக்கனா?"

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு நியாயவானைப் பார்க்கவா வந்தோம்?

சுரேகா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு லோரியிலிருந்து சரிந்துகொண்டிருந்த குப்பையைப் பார்த்தார். தென்னமட்டை, மெத்தை, உடைந்த நாற்காலி, அவற்றோடு ஒரு சரஸ்வதி படம் தலைகுப்புற உருண்டு போனது. வேலையாட்கள் அதன் மேலேயே அடுத்த மூட்டையைத் தள்ளினார்கள்.

"சாமி படம் வந்தா எடுத்து வைக்க மாட்டீங்களோ?" என்று கேட்டார்.

சுகுமாறன் முதல் தடவையாகச் சிரித்தார். "குப்பைக்கு ஏது மேடம் சாமி? ஆரம்பத்துல நானும் பொறுக்குனேன். பொறுக்கிக்கிட்டே இருந்தா லோரிய வித்துட்டு கோயில்தான் கட்டணும் லா."

பிறகு நாயின் சங்கிலியை ஒரு சுற்றுத் தளர்த்தினார். பேட்டி முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். காருக்கு நாங்கள் நடந்து போகவில்லை.

காரில் ஏறியதும் நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். குப்பைத் தொழில்காரன் சாமி பொறுக்க மாட்டான். உஷாராணி போனால் லாபம் இன்னொரு குடியிருப்பாளருக்கு. ஆகவே கொட்டியவர் அந்த அடுக்குமாடியிலேயே இருக்கிற, குப்பைத் தொழிலுக்குப் புதுசான ஓர் இந்து. அங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அந்த வகையில் நாங்கள் பெரிய முன்னேற்றம் கண்டிருக்கிறோம் என்றேன்.

சுரேகா பையைத் திறந்து முருகனின் கால்மாட்டைக் காட்டினார். மெலூர் குடியிருப்பாளர் சங்கத்தின் புத்தாண்டு வாழ்த்து என்று அச்சடித்திருந்தது. வீட்டுக்கு வீடு சங்கம் கொடுத்த காலண்டர்.

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அப்படியென்றால் குப்பை வெளியிலிருந்து வரவில்லை. அடுக்குமாடியின் சொந்தக் குப்பை. சாயங்காலம் மூட்டை கட்டிக் குப்பை அறையில் வைத்துப் பூட்டியதை யாரோ திறந்து எடுத்து, படிக்கட்டில் கிழித்துக் கொட்டியிருக்கிறார்கள். அறையின் சாவி உஷாராணியின் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது.

"பாஸ், அப்ப நம்மளக் கூப்பிட்டவங்களேதான் கொட்டுனாங்களா?"

"ஓம். பாக்கிறவைக்கு அப்படித்தான் தெரியும்" என்றார். பிறகு யாருக்கோ போன் போட்டு மலாய் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். வழியெல்லாம் நான் துருவித் துருவிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அவரோடு வேலை செய்வதில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் வெறும் வெறுப்பு.

நாங்கள் திரும்பியபோது பி பிளாக் கீழே கூட்டம் கூடிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அதிகாரி விஷ்ணுப்ரியா உட்கார்ந்திருந்தார். வயது குறைவு, முகத்தில் விறைப்பு அதிகம். தான் யார் பக்கமும் இல்லை, கண்ணால் பார்ப்பதை எழுதுவதுதான் தன் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் கண்ணுக்கு முன்னால் குப்பை நாறிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று நாகையா காவலுக்கு ஆள் போட்டிருந்தாராம். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

வெளியாட்கள் பேசக்கூடாது என்று நாகையா ஆரம்பித்தார். தனக்குக் கேட்க ஆட்சேபணை இல்லை என்றார் அதிகாரி. சுரேகா சுற்றி வளைக்கவில்லை. இந்தக் குப்பை வெளியிலிருந்து வந்ததில்லை, பூட்டியிருந்த குப்பை அறையைச் சாவி போட்டுத் திறந்து எடுத்தது என்றார்.

நாகையா அதைப் பிடித்துக்கொண்டார். சாவி யார் கழுத்தில் இருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான். குப்பையை உள்ளே வைக்க மறந்துவிட்டுப் பழியை ஊரார் மேல் போடுகிறாள் என்றது ஒரு குரல். அனுதாபம் தேடித் தானே கொட்டிக்கொண்டாள் என்றது இன்னொன்று. போன வருடம் குடிவந்தவளுக்கு என்ன உரிமை என்று நடைபாதையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். உஷாராணியோடு வேலை செய்கிற பெண்கள்கூட இரண்டடி தள்ளி நின்றார்கள்.

உஷாராணி கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். சுரேகாவை மட்டும் பார்த்தார்.

"இதுக்கா மேடம் நான் உங்களக் கூப்பிட்டேன்?"

சுரேகா பையிலிருந்து முருகனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மரத்தடியில இது கிடந்தது. பழைய காலண்டர். குப்பைதானே, குப்பையோட போடும், குகன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. அடுத்த மாதம் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், அது அவருக்கும் தெரியும். முருகனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறால் தண்ணீரின் மேல் நீட்டினேன். வாய் தானாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சிவசிவா என்றார்கள். போட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"மறுபடியும் அதுல போடாதடா பாவி. இப்பதான் கழுவி வெச்சேன்."

நாகையா. கோபத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலும். பிடி மெல்லத் தளர்ந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பக்தியால் கெட்டது.

சுரேகா குரலை உயர்த்தவில்லை. "மறுபடியும் எண்டு சொன்னீங்கள் தலைவர். இது குப்பைக்குள்ள கிடந்தது எண்டு நான் சொல்லவே இல்லையே."

மரத்தடியில் அழுக்காக இருந்தது, கழுவி வைத்தேன், அதைச் சொன்னேன் என்று அவர் தடுமாறினார். சுரேகா படிக்கட்டுச் சுவரைக் காட்டினார். காலையில் உஷாராணி காய வைத்த மாதா இன்னும் அங்கேயே இருந்தார், ஓரமெல்லாம் சுருண்டு போய்.

"முருகன்ர மேலயும் இறால் தண்ணி, மாதாவின்ர மேலயும் அதே தண்ணி. கொட்டின கை முருகனை மட்டும் எடுத்திருக்கு, மாதாவை விட்டிட்டுது. உஷாராணி கொட்டியிருந்தா மாதாவையா விட்டிருப்பா?"

கூட்டம் மாதாவைப் பார்த்தது, முருகனைப் பார்த்தது, கடைசியில் தலைவரைப் பார்த்தது.

இப்போது அதிகாரி எழுந்தார். காரில் சுரேகா போன் போட்டது இவருக்குத்தான். குப்பை அறைக்கு இன்னொரு சாவி உண்டு, தீப்பிடித்தால் திறப்பதற்காக அதைச் சங்கத் தலைவரிடம் தாங்களே கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அறிவித்தார். குலுக்கலில் இரண்டாவதாக வந்தது யார் பேர் என்று சுரேகா கேட்டார். விஷ்ணுப்ரியா கொஞ்சம் தயங்கினார்.

"முகுந்தன். தலைவரோட மகன்" என்றார்.

நாகையா அதற்குப் பிறகு மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வருஷக் கணக்கா நடந்தவன் நான். மழையில நின்னவன் நான். அந்தக் கழகத்துப் படியில எத்தன தடவ உட்கார வெச்சாங்கன்னு எனக்குத்தான் தெரியும். எல்லாம் பண்ணி வேலையக் கொண்டுவந்தா, நேத்து வந்தவ பேரு விழுது. எம்மவன் கன்டேனர்ல காலு நசுங்கி மேல படுத்துக் கெடக்கான். அவன் பேரு ரெண்டாவது. ரெண்டாவது."

கன்டேனரில் கால் நசுங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கூட ஓட்டியவன் ஒருவனுக்கு அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை, ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் மாடியில் நின்று சிரித்தவர்கள் இப்போது ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உஷாராணியிடம் மன்னிப்புக் கேட்க ஒருவர்கூட இறங்கி வரவில்லை. நல்ல ஊர்.

மூன்று புகாரையும் தள்ளுபடி செய்வதாக அதிகாரி சொன்னார். குத்தகை உஷாராணியிடமே இருக்கும். இரண்டாவது சாவியைத் தன்னிடம் இப்போதே ஒப்படைக்க வேண்டும், தலைவர் மேல் விசாரணை வரும். ஆனால் யார் கொட்டியிருந்தாலும் சரி, தான் போவதற்குள் படிக்கட்டு சுத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதையும் எழுத வேண்டிவரும் என்றார். யார் பக்கமும் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான்.

நாகையா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதிகாரியின் கையில் வைத்தார். பிறகு அந்த வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த பெரிய துடைப்பத்தை எடுத்தார். வெட்கமா, பயமா, விசாரணைக்கு முன்னால் நல்ல பேர் வாங்குகிற யோசனையா, எனக்குத் தெரியாது. குனியப் போனார்.

உஷாராணி குறுக்கே வந்து துடைப்பத்தின் மேல்நுனியைப் பிடித்தார்.

"கைய எடுங்க தலைவரே. இது எனக்கு விழுந்த வேலை. இதுல ஒரு தாளக்கூட நீங்க தொடக்கூடாது. தொட்டீங்கன்னா அடுத்த புகார நானே குடுப்பேன்."

அவர் கையை எடுத்தார். தள்ளி நின்ற பெண்களை உஷாராணி பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்து மூட்டையின் வாயை விரித்துப் பிடித்தார்கள். பிள்ளைகள் பள்ளிவிட்டு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உஷாராணி குனிந்து கூட்டத் தொடங்கினார்.